வால் சுவரைப் பார்த்த கத்தி

செய்தி வந்தபோது நான் ஒரு கத்திக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தேன். வேலந்தாவளத்தில் அன்று சந்தை நாள். கடை வாசலை அடைத்துக்கொண்டு இரண்டு எருமைகள் நின்றன. அவற்றை விரட்டிவிட்டுத்தான் போனை எடுத்தேன். மூணாறு மலையில் இருக்கும் சித்திரபுரத்திலிருந்து ஆசாரியின் மகள் அமுதா பேசினாள். "மாமா, அப்பா போயிட்டாருங்க" என்றாள். போனைக் கீழே வைத்துவிட்டு, பாதி இறங்கியிருந்த ஆணியை அடித்து முடித்த பிறகுதான் எழுந்தேன். பாதியில் விட்டால் ஆசாரி திட்டுவார் என்று கைக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

குழந்தைவேல் ஆசாரியை உங்களில் பலருக்கு அவர் கத்தி வழியாகத்தான் தெரியும். முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. அவருடைய பட்டறை என் இரும்புக் கடைக்கும் தீவனக் கடைக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கும் ஒற்றை அறை. ரோட்டை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் பட்டறை பள்ளமாகிவிட்டது. குனிந்து இறங்க வேண்டும், உள்ளே போனால் நிமிர முடியாது. தகரக் கூரை, ஒரு வாசல், பின்னால் சுவர். இருபத்திரண்டு வருஷம் அதற்குள் அவர் அடித்தார். நான் பிடி போட்டு விற்றேன். முப்பதாம் நாள் நினைவு மலருக்கு நல்லதாக நாலு வரி எழுதித் தரச் சொல்லி அமுதா கேட்டாள். நாலு வரிக்குத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவரைப் பற்றி நல்லதைச் சொல்ல வேண்டுமானால் என்னைப் பற்றிக் கெட்டதைச் சொல்லாமல் முடியாது. முழுவதும் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

அவர் செய்தது வரிக்கத்தி. லாரியின் ஸ்பிரிங் பட்டையும் பழைய அரமும் மெல்லிரும்பும் மாற்றி மாற்றி அடுக்கி, கம்பியால் கட்டி, சிரட்டைக் கரியில் வைத்து, வெங்காரம் தூவி, வெள்ளையாய்ப் பழுத்து வரும் நேரம் பார்த்து அடித்து ஒட்ட வேண்டும். ஒட்டியதை நீட்டி, மடித்து, மறுபடி ஒட்ட வேண்டும். கடைசியில் புளித்தண்ணீரில் ஊறப் போட்டால் தேக்குப் பலகையில் இருப்பதுபோல வரி வரியாக எழும்பி வரும். வாங்குகிறவர்கள் அந்த வரியைப் பார்த்துத்தான் மயங்குவார்கள். ஆசாரி அதைச் சட்டையே செய்ய மாட்டார். "வரி மேலதானுங்க பாய் இருக்குது. உள்ள ஒட்டிருக்குதான்னு சத்தம்தான் சொல்லோணும்" என்பார். பிடிக்குள் போகும் பகுதியை இரண்டு விரலால் பிடித்துக் கத்தியைத் தொங்கவிட்டு ஓர் ஆணியால் தட்டுவார். நல்ல கத்தி மணிபோல நீளமாய்ப் பாடும். எங்காவது ஓர் அடுக்கு ஒட்டாமல் இருந்தால் சத்தம் பாதியில் செத்துவிடும். அந்தக் கத்தியும் பார்வைக்கு மற்றதைப் போலவே பளபளவென்றுதான் இருக்கும். எலும்பில் ஓங்கி ஒரு வெட்டுப் போட்டால் மட்டும் ஏடு பிரிந்து தெறிக்கும். கண்ணுக்கோ விரலுக்கோ என்று அதற்குத்தான் தெரியும்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. வால் என்று நாங்கள் சொல்வது கத்தியில் பிடிக்குள் போகும் பகுதியை. முடிந்த கத்திகளை உலைக்குப் பக்கத்துப் பலகையில் வரிசையாக வைப்பார். வால் வாசலைப் பார்த்தால் நல்லது. நான் எடுத்துப் பிடி போடலாம். வால் சுவரைப் பார்த்தால் ஆகாதது, தொடக் கூடாது. ஆகாததை அவரே பிறகு பழுக்கக் காய்ச்சி, மூன்று துண்டாக வெட்டி, "போயிட்டு மறுபடி வா" என்று சொல்லி நெருப்பில் போடுவார். இன்னொருவரை வெட்ட விட மாட்டார். அவர் கையில் கட்டுப் போட்டிருந்த சமயம் நான் வெட்டித் தருகிறேன் என்றதற்கு, "செஞ்சவன் கையிலதான் அது போகோணும். அதுதான் அதுக்கு மருவாதி" என்று மறுத்துவிட்டார்.

கேலிக்கும் குறைவில்லாத மனுஷர். மூணாறு போகிற வழியில் ஒருவர் வண்டியை நிறுத்தி, வீடியோ எடுக்க வேண்டும், பொறி பறக்க அடித்துக் காட்டுங்கள் என்றார். "இரும்பு இன்னும் காயலீங்க" என்று அவரை உலைக்கு முன்னால் உட்கார வைத்தார் ஆசாரி. ஒரு மணி நேரம். வந்தவர் சட்டை நனைந்து, முகம் வெந்து, வீடியோவை மறந்து தண்ணீர் கேட்டார். ஆசாரி தண்ணீர் கொடுத்து, "இப்பக் காஞ்சிருச்சுங்க, எடுத்துக்குங்க" என்றார். என்னையும் விட மாட்டார். "பாய் போட்ட புடி கழலவே கழலாது. கத்தி தேஞ்சு போனாலும் புடி மட்டும் பேரன் காலம் வரைக்கும் நிக்கும்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்வார். அது பாராட்டா கிண்டலா என்று நான் கேட்டதில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் பேத்திக்குக் காது குத்து என்று சித்திரபுரம் போனார். மருமகனுக்குக் கரண்ட் ஆபீஸில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ். போகும்போது பலகையில் எட்டுக் கத்திகள் இருந்தன. அவர் போன பிறகு எனக்கு ஓர் ஆசை. புது போன் வாங்கியிருந்தேன். எட்டையும் வரிசையாக வைத்துப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டால் நாலு பேர் பார்ப்பார்களே என்று தோன்றியது. ஒன்று திரும்பிக் கிடந்தது, படத்தில் கண்ணை உறுத்தியது. அதைத் திருப்பி, எட்டு வாலும் ஒரே பக்கமாக வாசலைப் பார்க்க வைத்து எடுத்தேன். கடைக்காரன் கை, வரிசை கலைந்து கிடந்தால் பொறுக்காது. படம் நன்றாக வந்தது. அந்த நேரம் கடையில் ஆள் கூப்பிட்டார்கள், போய்விட்டேன்; ஒன்றைத் திருப்பியதே மறந்துபோயிற்று. மறுநாள் உட்கார்ந்து எட்டுக்கும் பிடி போட்டேன். கடைசிக் கத்திக்குப் பித்தளை ஆணி ஒன்று குறைந்தது, நடு ஆணியைச் செம்பில் போட்டேன். அதற்கு அடுத்த நாள் சந்தை. எட்டும் போய்விட்டன.

ஆசாரி திரும்பி வந்து பலகையைப் பார்த்தார். "சொவத்தப் பாத்தது எங்கீங்க பாய்?" என்று கேட்டார். அப்போதுதான் படத்துக்காக நான் திருப்பி வைத்தது நினைவுக்கு வந்தது. அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். சொன்னால் திட்டியிருப்பார், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பார், அதோடு தீர்ந்திருக்கும். என் வாயோ, "எல்லாமே வாசலைத்தானே ஆசாரி பாத்துச்சு" என்றது. அதோடு நின்றதா? இல்லை. போனைத் திறந்து அந்தப் படத்தையும் காட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சோற்றையே சாட்சிக்கும் கூப்பிட்டவன் நான். அவர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். எண்ணினார். எட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன. "அப்ப என்ற கைதான் மாத்தி வெச்சிருக்குதுங்க" என்று மெதுவாகச் சொன்னார். அதுவரை நான் பார்த்திராத ஒரு முகம் அன்று அவருக்கு வந்தது.

எட்டில் ஏழு தெரிந்தவர்களிடம் போயிருந்தன. மூன்று நாளில் ஏழையும் தேடிப் போய் வாங்கித் தட்டிப் பார்த்தார். ஏழும் பாடின. எட்டாவதை வாங்கியவர் யாரென்று எனக்குத் தெரியவில்லை. டூவீலரில் வந்தவர், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாதவர். செம்பு ஆணி போட்டது அதுதான் என்று மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து ஒவ்வொரு சந்தை நாளும் உலையை மூட்டாமல், மாடுகள் இறங்கும் இடத்தில் குடையை விரித்துக்கொண்டு ஆசாரி நின்றார். வருகிற போகிற கசாப்புக்காரர், தரகர், லாரிக்காரர் எல்லோரிடமும் ஒரே கேள்வி: நடு ஆணி செம்பாக இருக்கும் ஒரு கத்தி உங்களிடம் இருக்கிறதா? மழையானாலும் நின்றார், சித்திரை வெயிலானாலும் நின்றார். கத்தி தேடுகிற ஆசாரி என்று சந்தையில் பேரே விழுந்துவிட்டது. பேப்பரில் யாருக்காவது கை வெட்டு என்று செய்தி வந்தால் என்னைப் படித்துக் காட்டச் சொல்வார். கத்தியால் இல்லை, மிஷினால் என்று தெரிந்த பிறகுதான் டீ குடிப்பார்.

அவருக்கு அப்போதே இழுப்பு உண்டு. கரிப்புகை ஆகவே ஆகாது, பட்டறையை மூடச் சொல்லுங்கள் என்று ஆசுபத்திரியில் டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அமுதா அம்மா இல்லாத பெண்; அப்பாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று தவியாய்த் தவித்தாள். வந்து ஒரு பச்சைப் பையில் நாலு வேட்டி, சட்டை, மலைக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் எல்லாம் எடுத்து வைத்துவிட்டுப் போனாள். ஆசாரி மகளிடம் மாட்டேன் என்று சொல்லவில்லை. "ஒரு கத்தி வெளிய நிக்குது சாமி. அது இங்க வரப்ப நான் இல்லீன்னா அதை யாரு ஒடைப்பாங்க? வந்த அன்னிக்கே ஒடச்சுப் போட்டுட்டு அடுத்த வண்டி ஏறிர்றேன்" என்றார். பையை வாசல் பக்கத்து ஆணியில் மாட்டினார். அது அங்கேயே தொங்கிற்று. கரி படிந்து படிந்து பச்சை போய்க் கறுப்பாயிற்று. நெருப்புக்கும் அந்தப் பைக்கும் நடுவில் ஒரு மனுஷர் உட்கார்ந்து அடிப்பதைத் தினமும் நான் பார்த்தேன்.

இனிமேல்தான் எழுதுவதற்குக் கை வராத இடம். மூன்று வருஷத்துக்கு முன்னால் முதலமடையில் ஒரு நிக்காஹ். திரும்பும்போது ஒரு பெட்டி மாம்பழம் வாங்கலாம் என்று மண்டியில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். பெட்டி கட்டுகிறவர் ஒரு கத்தியால் பிளாஸ்டிக் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தார். என் பிடியை எனக்குத் தெரியாதா? மூன்று ஆணி, நடுவில் செம்பு. வாங்கிப் பார்த்தேன். சந்தையில் வாங்கியது என்றும், கயிறும் சாக்கும் தவிர அதில் எதையும் வெட்டியதில்லை என்றும் அவர் சொன்னார். யா அல்லாஹ் என்று அங்கேயே வைக்கோல் மேல் உட்கார்ந்துவிட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூன்று வருஷமாக ஒருத்தர் விரலும் போகவில்லை, கண்ணும் போகவில்லை. ஸ்கூட்டர் பெட்டியில் இருந்த புதுக் கத்தி ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டு, பழையதைக் காகிதத்தில் சுற்றி மாம்பழத்துக்கு அடியில் வைத்துக்கொண்டேன். வேலந்தாவளம் வரும்வரை வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. கத்தியைக் கண்டதும் ஆசாரி என்ன செய்வார், அமுதாவுக்குப் போன் போட்டால் எப்படி அழுவாள் என்றெல்லாம் கற்பனை.

பட்டறைக்குள் குனிந்து இறங்கினேன். அவர் அடித்துக்கொண்டிருந்தார். மூணாற்றில் ஒரு கடைக்கு நாற்பது கத்தி கொடுப்பதாக நான்தான் வாக்குக் கொடுத்திருந்தேன், பாதிகூட ஆகவில்லை. நடுநடுவே நிறுத்தி இருமினார். "வாங்க பாய், மாம்பழ வாசம் தூக்குது" என்றார். பெட்டியைத் திறந்தேன். அப்போதுதான் ஆணியில் தொங்கும் பை கண்ணில் பட்டது. நாளைக்கு இந்த ஆணியில் பை இருக்காது, பலகையில் கத்தி இருக்காது, சுவருக்கு அந்தப் பக்கம் சம்மட்டிச் சத்தம் இருக்காது என்று ஒரு நினைப்பு. நான் என்ன செய்வேன்? எவனோ மிஷினில் அடித்த தகரக் கத்திக்குப் பிடி போடுவேனா? பயம் வந்துவிட்டது. பழத்தைக் கொடுத்தேன். கத்தியைக் கொடுக்கவில்லை. நாற்பது முடியட்டும், அப்புறம் கொடுக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கடைக்கு வந்து, தராசுக்குப் பின்னால் பழைய பூட்டுகள் போடும் டப்பாவில் அதை வைத்தேன்.

நாற்பது முடிந்தது. அதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. முதல் நாளே கொடுத்திருந்தால் மாம்பழத்தோடு மாம்பழமாகப் போயிருக்கும். இரண்டு மாதம் கழித்துக் கொடுத்தால் இத்தனை நாள் எங்கே இருந்தது என்று கேட்பாரே? அதற்கு ஒரு பொய் யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் ஆறு மாதம். அதற்கு இன்னும் பெரிய பொய் வேண்டியிருந்தது. பட்டறைக்குள் அவர் மாட்டிக்கொண்டார், டப்பாவுக்குள் நான் மாட்டிக்கொண்டேன். அவர் அந்தப் பக்கம் இருமுவார், இந்தப் பக்கம் நான் எடைக்கல்லை எடுத்து வைத்துக்கொண்டிருப்பேன். சந்தை நாளில் குடையோடு கிளம்புவார். "இன்னிக்கு வருமுங்க பாய், மனசு சொல்லுது" என்பார். சரிங்க ஆசாரி, பாத்துட்டு வாங்க என்று அனுப்பிவைப்பேன். மனிதனா நான்?

ஒரு முறை அமுதா அழுதுகொண்டே பேசினாள். "ஏனுங் மாமா, எதாச்சும் ஒரு கத்தியக் காட்டி இதுதான்னு சொல்லிருங்களேன். அவருக்கு என்ன தெரியப் போகுது?" என்றாள். அவர் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார், அவரை ஏமாற்ற முடியாது, ஏமாற்றவும் கூடாதம்மா என்று அந்தப் பெண்ணுக்குப் புத்தி சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். நான் அதைச் சொல்லும்போது அந்தக் கத்தி என் முழங்கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

இந்த வருஷம் கார்த்திகையில் அவரால் சம்மட்டி தூக்க முடியவில்லை. மூச்சுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. அமுதா ஆம்புலன்ஸோடு வந்து கேள்வி கேட்காமல் தூக்கிக்கொண்டு போனாள். பையை நான்தான் ஆணியிலிருந்து எடுத்து அவர் காலடியில் வைத்தேன். கதவைச் சாத்தும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். பேச முடியவில்லை, பலகையைக் காட்டினார், பிறகு என்னைக் காட்டினார். பார்த்துக்கொள்கிறேன் என்று தலையாட்டினேன். பதினொரு நாள் சித்திரபுரத்தில் இருந்தார். அந்த ஸ்வெட்டரை ஒரு நாள்தான் போட்டாராம்.

கருமாதிக்குப் போனேன். எல்லாம் முடிந்து, இலை எடுத்த பிறகு, அமுதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்பா கடைசியாகத் தெளிவாகப் பேசியது அந்தக் கத்தியைப் பற்றித்தான் என்றாள். அவர் சொன்னதை அப்படியே சொன்னாள்: "வந்துதான்னு பாயைக் கேளு. வந்திருந்தா அவரு சொல்லிருவாரு. அவரு வாயில பொய் வராது." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து, "வந்துச்சுங்களா மாமா?" என்று கேட்டாள். இல்லையம்மா, வரவில்லை என்றேன். அடுத்த பஸ்ஸிலேயே மலை இறங்கிவிட்டேன்.

படைத்தவனுக்குச் செய்த தப்பை அவன் மன்னிப்பான், மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை தோறும் பள்ளிவாசலில் கேட்கிறேன். மன்னிக்க வேண்டியவர் போய்விட்டார். கத்தியை வெட்டித் தீயில் போட்டுவிடலாம் என்றால், செய்தவன் கையில்தான் அது போக வேண்டும். செய்தவரும் அவரே. யோசித்துப் பார்த்ததில் எனக்கு எந்தப் பக்கமும் வாசல் இல்லை.

நேற்றுப் பட்டறையைத் திறந்தேன். உலை குளிர்ந்திருந்தது; சாம்பல் மேல் பல்லி ஓடிற்று. டப்பாவிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு போய், அவரைப் போலவே இரண்டு விரலால் தொங்கவிட்டு ஆணியால் தட்டினேன். அவர் காது எனக்கு இல்லை. ஆனாலும் கேட்டது. சத்தம் பாதியில் செத்துவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் கை சரியாகத்தான் வைத்திருந்தது. அவர் கை ஒரு நாளும் மாற்றி வைத்ததில்லை. இதை நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தனையும் எழுதியது அதற்குத்தான். கத்தியைப் பலகையில் வைத்தேன். பிடிக்குள்ளே இருக்கிற வால் சுவரைப் பார்க்கும்படி வைத்தேன்.

ஆசாரியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அமுதா, நீ வந்து கேட்கும்வரை அது அங்கேயே இருக்கும், நானும் இங்கேயே இருப்பேன். நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். உன் அப்பா கேட்டனுப்பியதற்கு உன்னிடம் பொய் சொன்னேன். அவருக்கே இப்போது பதில் சொல்லிவிடுகிறேன். கத்தி வந்தாச்சுங்க ஆசாரி. மூணு வருஷமாச்சு வந்து. நீங்க வண்டி ஏறுங்க.